ஆயுத பூஜைக்கு ஜாக்கியையும் வெளியே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூஜை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழில் வெளியான பயணச் சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். குடும்பத்தோடு காரில் வெளியூர் செல்வோர் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று குடிநீர், நொறுக்குத் தீனி, மாத்திரை, கழுத்துத் தலையணை, செல்போன் சார்ஜர் வரை எல்லாம் அதில் இருந்தன. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் கையில் எடுக்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நானே, சென்ற தை மாதத்தில் ஓர் இரவு, ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருந்தும் ஒன்றும் செய்ய இயலாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் தீராததால் எழுதுகிறேன்.

மதுரையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருச்சியிலிருந்து நானும் என் மனைவியும் அவருடைய அக்காவும் போய்க்கொண்டிருந்தோம். டிக்கி நிறையச் சீர்த்தட்டுகளும் எவர்சில்வர்ப் பாத்திரங்களும், அவற்றின் மேல் ஒரு வாழைத்தாரும் இருந்தன. விராலிமலையைக் கடந்து துவரங்குறிச்சி வருவதற்குள், இரவு பதினொரு மணி அளவில், பின்பக்கத்து இடது டயர் பஞ்சராயிற்று. எங்கள் காரில் ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. ஆகவே சீர்வரிசை முழுவதையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரப் புழுதியில் அடுக்கிய பிறகே என்னால் அந்தப் பலகையைத் தூக்க முடிந்தது. மண்டபத்தில் மேளதாளத்தோடு இறங்க வேண்டிய சீர் இங்கேயே இறங்கிவிட்டது என்று மனைவியின் அக்கா சொன்னார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய காராக வாங்கிய வண்டி அது. முந்தைய உரிமையாளர் அலாய் சக்கரம் போட்டு, திருட்டுப் போகாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒன்றாகப் பூட்டு நட்டும் மாட்டியிருந்தார். அந்த நட்டைச் சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாது. அதற்கென்று உள்ள சாவி போன்ற சிறிய சாக்கெட்டைப் பொருத்தினால்தான் பிடிக்கும். நான்கு நட்டுகளைத் தளர்த்திவிட்டு ஐந்தாவதுக்கு வந்தபோது அந்தச் சாக்கெட் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் சக்கரச் சீரமைப்புக்காக ஒரு பணிமனையில் வண்டியை விட்டிருந்தேன். அங்கே கழற்றியவர்கள் அதைத் திரும்ப வைக்கவில்லை. வைத்தார்களா என்று நானும் பார்க்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புத் துண்டு இல்லாமல் மற்ற எல்லாக் கருவிகளும் அந்த நேரத்தில் வெறும் பாரமாகிவிட்டன.

அரைமணி நேரம் கழித்து நாமக்கல் பதிவெண் கொண்ட ஒரு லாரி எங்களைத் தாண்டிச் சென்று, வெகு தூரம் முன்னால் ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பூட்டு நட்டைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிப்போய், தம் கருவிப் பெட்டியிலிருந்து அந்த நட்டைவிட ஒரு நூல் சிறிதான பழைய சாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதை நட்டின் தலைமீது வைத்துச் சுத்தியலால் நான்கு அடி அடித்தார். இறுகக் கவ்விக்கொண்ட சாக்கெட்டில் கைப்பிடியை மாட்டி, கைப்பிடிமீது மூன்றடி நீளமுள்ள இரும்புக் குழாயைச் செருகித் தம் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினார். முதலில் ஒரு கிறீச்சிடல். பிறகு நட்டு அசைந்தது. அடுத்த சோதனை ஸ்டெப்னி. முப்பத்துமூன்று பவுண்டு காற்று இருக்க வேண்டிய டயரில் பன்னிரண்டுதான் இருந்தது. நாங்கள் அந்தச் சக்கரத்தை மாட்டி இறக்கியதும், அவர் லாரியைப் பின்னால் நகர்த்திக் கொண்டுவந்து, அதன் ஏர் டேங்கிலிருந்து குழாய் போட்டுக் காற்றும் ஏற்றிவிட்டார். பணம் வாங்க மறுத்து ஒரு சீப்புப் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டவர், போகும்போது, "சார் என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் என்றேன். அந்தப் பொய்யை மறுநாள் என் மனைவி திருமண மண்டபம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று அந்த லாரியின் உதவியாளர் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லவேண்டும். அவர் இறங்கியதும் முதலில் எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்த கருவேலங்கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு நாங்கள் வந்த திசையில் நடந்து, ஏறத்தாழ எழுபது காலடி தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். எங்கள் எச்சரிக்கை முக்கோணமோ காருக்குப் பின்னால் நான்கு காலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதித்து, வண்டி முழுமையாக நிற்க எண்பது தொண்ணூறு மீட்டராவது வேண்டும். நான்கு காலடியில் வைத்த முக்கோணம், மோதுவதற்கு முன் நம்மைப் பார்த்தார் என்பதற்குச் சாட்சியாகலாமே தவிர, மோதலைத் தடுக்காது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. நின்றுகொண்டிருந்த வாகனத்தின் பின்னால் மோதி என்று தொடங்கும் செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே அடிக்கடி படிக்கிறோம். எனவே அவசரப் பையில் முதலில் இருக்க வேண்டியவை பழுது நீக்கும் கருவிகள் அல்ல; நாம் நிற்பதை மற்றவருக்குக் காட்டும் பொருள்கள்தாம். முக்கோணம் ஒன்று, ஒளி பட்டால் மின்னும் பட்டை தைத்த மேற்சட்டை இரண்டு, தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஒன்று. கையில் பிடிக்கும் டார்ச்சை வாங்கினால் அதைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவர் சாலைப் பக்கமாக நிற்பார். செல்போன் வெளிச்சத்தை நம்புவோர், உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியின் மின்சாரத்தைத்தான் விளக்காக எரிக்கிறார்கள்.

ஸ்டெப்னி என்ற சொல்லை நாம் தமிழ்ச் சொல் போலவே புழங்குகிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய நிறுவனம் ஒன்று, கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல் ஓடிய அந்தக் காலத்தில் அவசரச் சக்கரம் செய்து விற்றது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, சக்கரத்தோடு நம் ஊருக்கும் வந்துவிட்டது. அந்த ஸ்டெப்னியின் நிலைதான் பரிதாபமானது. பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பிடிக்கும்போது நான்கு சக்கரத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஐந்தாவதைப் பார்க்க டிக்கியைக் காலி செய்ய வேண்டுமே என்ற சோம்பல். ஓடாத டயரிலும் காற்று மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால், இயல்பான அளவைவிட இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகவே ஸ்டெப்னியில் பிடித்து வைப்பது நல்லது. அதன் வயதையும் பார்க்கவேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள். ஒருமுறைகூடத் தரையில் உருளாத ஸ்டெப்னியும் கிழடாகும். இப்போது பல கார்களில் மற்ற நான்கைவிடச் சிறிய ஸ்டெப்னியைத் தருகிறார்கள். அதன்மீது ஒட்டியிருக்கும் வேக வரம்பு, பெரும்பாலும் 80 கிலோமீட்டர், அலங்காரத்துக்கு எழுதியது அல்ல.

ஸ்டெப்னியே இல்லாத காரும் வந்துவிட்டது. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மூன்றரை டன் எடைக்கு உட்பட்ட, ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கைக்கு மேற்படாத வாகனத்தில், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் டயர் பழுது நீக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் விடவும், எரிவாயுக் கார்களில் சிலிண்டருக்கு இடம் விடவும் இது வசதியாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரை வைத்திருப்போர், தங்களிடம் இருப்பது ஸ்டெப்னியா கிட்டா என்பதையே வழியில் நின்ற பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் துளையை அரவி அகலப்படுத்தும் திருகூசி ஒன்று, பசை ஊறிய திரியைக் கோத்துச் செருகும் ஊசி ஒன்று, திரிகள் ஐந்தாறு இருக்கும். வாங்கியவர்களில் பலர் செய்யும் தவறு, டயரில் ஆணியைக் கண்டவுடன் பிடுங்கிவிடுவது. ஆணி உள்ளே இருக்கும்வரை அதுவே துளையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். காற்று நிற்குமானால் அடுத்த பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். திரியைக் கோத்து ஊசியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ஆணியை எடுக்கவேண்டும். தரையில் படும் பகுதியில் ஏறிய ஆணிக்குத்தான் இந்த வைத்தியம். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தத் திரியும் உதவாது. கூடவே, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிக் காற்றடிக்கும் சிறிய கருவி ஒன்று வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அதை இயக்கினால் பேட்டரி இறங்காது. வாங்கிய அன்றே அதன் ஒயர் பின்சக்கரம்வரை எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னுடைய முதல் கருவி முன்சக்கரத்தோடு நின்றுபோனது. அதை மாற்றி வேறு வாங்கினேன்.

காரோடு தரும் வீல் ஸ்பேனர் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பணிமனையில் காற்று விசைக் கருவியால் இறுக்கிய நட்டைச் சாதாரண உடல்வாகு கொண்ட ஒருவர் அதைக் கொண்டு கழற்ற முடியாது; நெம்புகோலின் நீளம் கூடினால் தேவைப்படும் விசை குறையும் என்பது பள்ளிப் பாடம். ஸ்பேனரின் தண்டில் செருகும் அளவுக்கு இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை இரும்புக் கடையில் வெட்டி வாங்கினால் அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகாது. என் மனைவிக்கு அறுபத்திரண்டு வயது. குழாயை மாட்டிக் கொடுத்தபோது அவர் ஒரே முயற்சியில் நட்டை அசைத்துவிட்டு, இவ்வளவுதானா என்றார். இன்னொன்று, ஓரடிச் சதுரத்தில் தடித்த மரப்பலகை. நம் நெடுஞ்சாலைகளில் தார் முடிந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த மண்ணில் ஜாக்கியை நிறுத்தினால் கார் உயர்வதற்குப் பதிலாக ஜாக்கி புதையும். பலகைமேல் நிறுத்தினால் நிற்கும்.

முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுக்கவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கியை ஏற்றவேண்டும். ஏற்றிய பிறகு முக்கினால் கார் ஜாக்கியிலிருந்து வழுக்கும். கதவுக்குக் கீழ் விளிம்பில் ஜாக்கிக்கென்றே குறித்த இடம் உண்டு. வேறிடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் அமரும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, வண்டியில் இருக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் இறங்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கவேண்டும். வெயிலுக்கு ஒதுங்குவதாகக் காரின் பின்னால் நிற்பது கூடவே கூடாது. வண்டிகள் பறக்கும் வலப்பக்கத்து டயர் பஞ்சரானால், அங்கேயே குந்தி உட்காராமல், பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு அகலமான இடம்வரை போய்விடுங்கள். டயர் வீணாகும், ஆகட்டும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்விளக்கை அணைக்காமல் கோயிலுக்குள் போய்விட்டுத் திரும்பியவர் எல்லாரும் அறிந்த தொல்லை அது. ஜம்பர் கேபிள் வாங்குவோர் தடிமன் பார்த்து வாங்கவேண்டும். எஞ்சினைச் சுழற்றும் நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்வதால் மெல்லிய கேபிள் சூடாகுமே ஒழிய வண்டியைக் கிளப்பாது. சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டவேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், நின்றுபோன காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத இரும்புப் பகுதி ஒன்றில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டவேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். இந்த வரிசையைத் தாளில் எழுதிக் கேபிளோடு சுற்றி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு எதற்குத் தாள் என்று கேட்கலாம். நள்ளிரவில் நான் எப்படி இருப்பேன் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

மற்றவை சிறியவை. சில ஃபியூஸ்கள் (சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறத்திலேயே அளவு தெரியும், எரிந்த நிறத்துக்கு அதே நிறம்தான், பெரிய அளவைப் போட்டால் ஒயர் எரியும்), தலை மாற்றிக்கொள்ளும் திருப்புளி, குறடு, பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், அடிபட்டுத் தொங்கும் பம்பரைக் கட்ட நைலான் டை, கையுறை, பழைய லுங்கித் துணி ஒன்று. இழுவைக் கயிறு வைத்திருப்போர், பம்பரில் சிறு மூடிக்குப் பின்னால் திருகும் கொக்கி தம் காரில் எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளவேண்டும். சில கார்களில் அது இடஞ்சுழியாகத் திருகும். மின்சாரக் காரைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவே கூடாது. மேடை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

என்ன வைக்கிறோம் என்பதைவிட எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். இரும்புப் பெட்டி வேண்டாம். மோதலின்போது அது பின்னிருக்கையைத் தாக்கும் குண்டாகிவிடும். தடித்த கித்தான் பை போதும். அதை டிக்கியின் ஒரு பக்கச் சுவரோடு வாரால் கட்டிவிடலாம். டார்ச்சும் மேற்சட்டையும் முக்கோணமும் பைக்குள் மேலாக இருக்கவேண்டும், அல்லது முன்னிருக்கைக்கு அடியில் இருந்தால் இன்னும் நல்லது. ஊருக்குப் போகும் நாளில் மட்டும் அந்தப் பையைச் சாமான்களுக்கு மேலே வையுங்கள். வழியில் சீர்வரிசையை இறக்கும் வேலை பாதியாகக் குறையும். எரிவாயு சிலிண்டர் பொருத்திய கார்களில் ஜாக்கியும் ஸ்பேனரும் வழக்கமான இடத்தைவிட்டு எங்கோ மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கும். வாடகைக் காரில் போகிறவர்கள்கூட, புறப்படுமுன் ஓட்டுநரிடம் ஸ்டெப்னியைக் காட்டச் சொல்லலாம். அவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

கத்திரி வெயிலில் மூடிய கார் எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். அதனால் பவர் பேங்க், வாயு அடைத்த லைட்டர், ஸ்பிரே டப்பா ஆகியவற்றை நிரந்தரமாக உள்ளே வைக்கக்கூடாது. அவசரத்துக்கு என்று கேனில் பெட்ரோல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சுமப்பது எரிபொருள் அல்ல, வெடி. டார்ச்சின் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றித் தனியே வைத்தால் கசிந்து உள்ளே பூத்துப் போகாது. எஞ்சின் கொதித்து நின்றால் ஊற்றுவதற்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்; ஆனால் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். முழுக்க ஆறும்வரை காத்திருக்கவேண்டும். தீயணைப்பான் வைத்திருப்போர் அதன் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

வடகிழக்குப் பருவமழையும் வந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே வெள்ளம் சாலைமீது ஓடி, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றதை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாளில் கருவிகளால் ஒன்றும் ஆகாது. தண்ணீர், பிஸ்கட், மருந்து, போர்வை ஆகியவையே வேண்டும். ஓரளவு மூழ்கி நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு ஸ்டார்ட் செய்வோர் எஞ்சினை இழக்கிறார்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியலும் சீட் பெல்ட் அறுக்கும் கத்தியும் சேர்ந்த கருவி ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். டிக்கியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். அதைக்கொண்டு அடிக்க வேண்டியது பக்கக் கண்ணாடியின் மூலையை. முன்கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருப்பதால் அது விரிசல் விடுமே தவிர வழி விடாது.

மலைப்பாதை பற்றி ஒரு வார்த்தை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும், நாற்பது வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலும் நின்ற வண்டிக்குச் சக்கரத்தடியில் கல் வைப்பது இயல்பு. வேலை முடிந்ததும் கல்லை அப்படியே நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போவதும் இயல்பாகிவிட்டது. இருட்டில் அடுத்து வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அந்தக் கல் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆப்பு வடிவ மரக்கட்டை இரண்டைப் பையிலேயே வைத்திருந்தால் இந்தப் பாவம் நமக்கு வேண்டாம். கட்டையை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

இனி, அதிகாரிகளின் கவனத்துக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 31ஆம் விதி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தை வகுக்கிறது. வாகனத்தின் அமைப்பும் பழுதும் என்று ஒரு தனிப் பகுதி அதில் உண்டு. ஆனால், சொந்தக் கார் போன்ற போக்குவரத்து அல்லாத வாகனங்களை ஓட்டக் கற்போருக்குக் கட்டாயமாக்கப்பட்ட பகுதிகளில் இது சேரவில்லை. முதலுதவி சேர்ந்திருக்கிறது, பழுது சேரவில்லை. கார் வைத்திருப்பவர் ஓட்டுநரையும் வைத்திருப்பார் என்று எண்ணிய காலத்தின் விதி அது. இன்று ஆசிரியையும் வங்கி ஊழியரும் தாமே காரோட்டிக் கொண்டு இரவில் தனியாகத் திரும்புகிறார்கள். எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் தருகிறோம். ஒரு நட்டைக் கழற்றிக் காட்டச் சொல்வதில்லை. பயிற்சியின் ஒரு வகுப்பை, ஒரே ஒரு வகுப்பை, சக்கரம் மாற்றுவதற்கு ஒதுக்கி இந்த விதியைத் திருத்தவேண்டும். திருத்தம் வரும்வரை நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகள் தாமாகவே இதைச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கார் விற்பனையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய காரை ஒப்படைக்கும் நாளில் மாலை போட்டு, கேக் வெட்டி, பெரிய அட்டைச் சாவியோடு குடும்பத்தைப் படம் எடுக்கிறீர்கள். திரையில் பாட்டு போடுவது எப்படி என்று அரைமணி நேரம் விளக்குகிறீர்கள். டிக்கியின் பலகையைத் தூக்கி ஜாக்கி இங்கே, ஸ்பேனர் இங்கே, கொக்கி இங்கே என்று காட்டப் பத்து நிமிடம் ஆகாது. சக்கரங்களின் கீழ் வைத்து நசுக்கும் எலுமிச்சம்பழங்களோடு பூட்டு நட்டின் சாக்கெட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் நாம் செலுத்தும் கட்டணத்துக்கு ரோந்து வண்டி, இழுவை வண்டி, ஆம்புலன்ஸ் உதவியும் உண்டு. 1033 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். காயம் பட்டிருந்தால் 108. இந்த எண்களையும் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். செல்போன் அணைந்த பிறகு அதற்குள் இருக்கும் எண்ணால் பயனில்லை. கடந்துபோன கடைசிக் கிலோமீட்டர்க் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தெரிந்தால் அவர்கள் நம்மைத் தேடும் நேரம் பாதியாகும்.

ஆயுத பூஜைக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. தொழிற்பயிற்சி நிலையத்தில் நாங்கள் அன்றைக்கு முன்தினம் ஒவ்வொரு ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, குறைந்தது எது என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதிய பிறகே பூஜைக்கு அடுக்குவோம். வீட்டுக் கார்களுக்கோ வெளியே சந்தனமும் குங்குமமும் மாலையும். உள்ளே இருக்கும் உண்மையான ஆயுதங்கள் இருட்டில் கிடக்கின்றன. இந்த ஆண்டு வண்டியைக் கழுவும்போதே ஜாக்கியையும் ஸ்பேனரையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவரும், பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் உட்பட, ஒரு சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டிப் பார்க்கவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பகலில், சமதரையில், அருகில் காப்பி இருக்கும்போது செய்தால் முக்கால் மணி நேர வேலை. குறைகிற பொருள் எது என்பது அப்போதே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் சென்ற மாசி மாதமே செய்துவிட்டோம். புதிதாக வரவழைத்த பூட்டு நட்டுச் சாக்கெட் இப்போது கார்ச் சாவியோடு அதே வளையத்தில் தொங்குகிறது. சட்டைப் பை கனக்கிறது என்றாலும் அதை யாரிடமும் கழற்றிக் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.